அக்காவின் பினாங்குச் சுற்றுலா

எங்கள் பெரியக்காவுக்கு 2024ஆம் ஆண்டில் அறுபது வயது நிறைவுற்றது. அந்நாளை எவ்வாறு கொண்டாடலாம் என்று சின்னக்காவும் நானும் கலந்து பேசினோம். சுங்கை பட்டாணியில் ஓர் உணவகத்தில் உற்றார் உறவினரை அழைத்து விருந்து வைப்பதே சிறப்பு என்பது என் எண்ணம். சின்னக்கா சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "விருந்து வேண்டாம். அக்காவைப் பினாங்குக்கு அழைத்துப் போவோம்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. அக்கா பினாங்குக்குப் போகாதவர் அல்லர். அப்பா மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் பேருந்தில் பாலத்தைக் கடந்து இரண்டு மாதம் போய் வந்தவர். ஆயினும் ஊர் பார்க்க அவர் ஒருநாளும் போனதில்லை. அதற்கான காரணத்தை அன்றுதான் சின்னக்கா எனக்குச் சொன்னார்.

1976ஆம் ஆண்டு பெரியக்கா நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்குக்குச் சுற்றுலா அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. தீபாவளிக் காசையெல்லாம் சேர்த்து வைத்து அக்கா கட்டணத்தைச் செலுத்திவிட்டார். புறப்படும் நாளுக்கு முதல் இரவு, கைக்குழந்தையாக இருந்த எனக்குக் கடுங்காய்ச்சல். காய்ச்சல்காரக் குழந்தையை ஆயாக்கொட்டகையில் சேர்க்கமாட்டார்கள். அம்மா பால்மரம் வெட்டப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே அக்கா வீட்டில் நின்றுகொண்டார். திரும்பக் கிடைத்த கட்டணத்தில் எனக்கு ஹார்லிக்ஸ் வாங்கினார்களாம். அவ்வாண்டோடு அக்காவின் படிப்பும் நின்றுவிட்டது.

அந்தச் சுற்றுலாவைப் பற்றி அக்காவின் தோழி ஒருத்தி அவ்வாண்டுப் பள்ளி மலரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடமே செய்துவிட்டார். அந்த மலரைப் பின்னாளில் கறையான் அரித்துவிட்டது; அக்காவின் நினைவில் இருந்ததை எந்தக் கறையானும் தொடவில்லை. நாற்பத்தெட்டு வயது வரை நான் இவற்றில் ஒன்றையும் அறியாதிருந்தேன். அக்காவிடம் கேட்டபோது, "அதற்கு நீ என்ன செய்வாய், பாப்பா? காய்ச்சல் உன்னைக் கேட்டா வந்தது?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறந்தநாள் அன்று பொழுது புலருமுன் மூவரும் புறப்பட்டோம். சுங்கை பட்டாணியிலிருந்து தொடர்வண்டியில் பட்டர்வொர்த் சேர்ந்து, அருகிலிருந்த படகுத்துறைக்கு நடந்தோம். அக்கா நீலப் புடைவை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். படகைக் கண்டதும் அவர் முகம் வாடியது. "கீழ்த்தட்டில் கார்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும் என்று எழுதியிருந்தாளே, எங்கே?" என்றார். கார்களை ஏற்றிய அந்தப் பழைய படகுகள் ஓய்வு பெற்றுவிட்டன என்றும், 2023ஆம் ஆண்டு முதல் ஓடும் புதிய படகுகளில் மனிதரும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளுமே ஏறலாம் என்றும் விளக்கினேன். அக்காவுக்கு ஏமாற்றந்தான். ஆயினும் படகு நகரத் தொடங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கரை சேரும் வரை உட்காரவேயில்லை.

ஜார்ஜ் டவுனில் முதலில் குயின் தெரு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை அடைந்தோம். 1833ஆம் ஆண்டில் எழுந்த கோவில் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் வணிகம் செய்தவர்களுமான நம் மக்கள் கூடி வழிபட்ட இடம். அக்கா தம் பெயருக்கு அர்ச்சனை செய்ய மறுத்து, எங்கள் மூவர் பெயரையும் குடும்பத்தார் பெயர்களையும் நீளமாகச் சொன்னார். குருக்கள் பொறுமைசாலி.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. அந்த ஒரே தெருவில் எத்தனை வழிபாட்டுத் தலங்கள்! தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801ஆம் ஆண்டில் தோற்றுவித்த பள்ளிவாசல். சீனர்கள் ஊதுவத்திப் புகை சூழ வணங்கும் கருணைத் தேவியின் கோவில். 1818ஆம் ஆண்டில் கட்டப்பட்ட, வெண்தூண்கள் தாங்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பள்ளிவாசலின் குவிமாடங்களை அக்கா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். சீனக் கோவில் வாசலில் ஒரு முதிய சீன மாது ஊதுவத்தியைப் பிடித்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "இந்த அம்மாளும் பிள்ளைகள் பெயரைத்தான் சொல்கிறார் போலும்" என்றார் அக்கா. பிறகு சற்றுக் கோபத்துடன், "'பல சமயக் கோவில்களையும் கண்டு களித்தோம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாளே!" என்றார். அந்தத் தோழிக்காக நான் பரிந்து பேச வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குரங்கும் ஐஸ்கிரீமுந்தானே பெரிதாகத் தெரியும்!

நண்பகல் உணவுக்குப்பின் 204ஆம் எண் பேருந்தில் ஏறி ஆயர் ஈத்தாம் வழியாகக் கொடிமலைக்குச் சென்றோம். தாவரவியல் பூங்காவுக்கும் போகலாமா என்று சின்னக்கா கேட்டார். "அங்கே குரங்குகள்தாமே? நம் தோட்டத்தில் பார்க்காத குரங்கா?" என்று அக்கா மறுத்துவிட்டார். மலையேறும் தொடர்வண்டியே அவருக்கு வேண்டியதாயிருந்தது. 1923ஆம் ஆண்டு தொடங்கி அந்த மலையில் வண்டி ஓடுகிறது. கம்பிவடம் இழுக்க, ஒரு வண்டி மேலே ஏறும்போது மற்றொன்று கீழே இறங்குகிறது. இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று விலகிச் செல்லும் காட்சி இனிது.

அந்த நடுவழியில்தான் அக்கா திடீரென்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இறங்குங்கள், வண்டி மாற வேண்டும்!" என்று எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்தார். வண்டியிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். முற்காலத்தில் பாதி மலையில் இறங்கி வேறு வண்டியில் ஏற வேண்டும். 2011ஆம் ஆண்டில் புதிய வண்டிகள் வந்தபின் அந்த மாற்றம் இல்லை. அக்காவுக்கு இது எப்படித் தெரியும்? கட்டுரையில் இருந்தபடியே அவர் எழுந்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்களும் கலங்கின. சின்னக்கா ஒன்றும் சொல்லாமல் அக்காவை மெல்ல உட்கார வைத்தார். வண்டி இருண்ட குகைக்குள் நுழைந்ததும், "குகை இருக்கிறது! அவள் எழுதியது சரிதான்" என்று அக்கா குழந்தையைப்போல் கைதட்டினார்.

மலையுச்சியில் முருகன் கோவிலும், அதற்கு அருகில் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. முருகனை வணங்கிவிட்டு வெளியே வந்தோம். கீழே நகரமும் கடலும், அக்கரையில் பட்டர்வொர்த்தும் தெரிந்தன. "நம் தோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அக்கா. வடகிழக்கே கை காட்டினேன். மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் லயங்கள் இடிக்கப்பட்டு அங்கே செம்பனை நட்டு ஆண்டுகள் பலவாகிவிட்டன.

திரும்பும் படகில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டார். உறங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"பாப்பா, பள்ளி மலருக்கு நீ எழுதுவாயல்லவா?"

"எழுதுகிறேன், அக்கா."

"படகில் கார் ஏறாது என்று எழுது. மலை வண்டியில் நடுவில் இறங்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் எழுது. படித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் என்னைப்போல் எழுந்து நிற்கக் கூடாது, பார்."