மறிக்கிற நாய், பிடிக்கிற நாய்

கரும்புக்குள் போன நாயைக் கண்ணால் பின்தொடர முடியாது, காதால்தான் முடியும். வடக்கு குவீன்ஸ்லாந்தில், ஹெர்பர்ட் ஆற்றுப் பக்கம் இங்கம் என்ற ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். ஜூனில் ஆலை அரவை தொடங்கும்போது கரும்பு ஆளை விழுங்கும் உயரத்தில் நிற்கும். உள்ளே பன்றி இருக்கிறதென்பதற்கு ஓரத்தில் மென்று துப்பிய சக்கையும் ஏர் ஓட்டியது போலக் கிளறிய மண்ணும்தான் சாட்சி. நாய்களை இறக்கிவிட்டதும் தோகை சலசலக்கும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. பெரியவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் வாயைத் திறக்கும் பையனுக்குக் குட்டு நிச்சயம்.

ஒரே இடத்திலிருந்து, தாளம் பிசகாமல் குரைப்பு வந்தால் நாய் பன்றியை நிறுத்தி வைத்திருக்கிறது. குரைப்பு சட்டென்று அறுந்து பன்றி வீரிட்டால் காதைக் கவ்விவிட்டது; வாய் நிறையப் பன்றிக்காதை வைத்துக்கொண்டு எந்த நாய் குரைக்கும்? குரைப்பு நகர்ந்துகொண்டே போனால் பன்றி உடைத்துக்கொண்டு ஓடுகிறது, இனி வண்டியில் ஏறவேண்டியதுதான். இந்த மூன்றையும் எனக்குப் பிரித்துச் சொன்னவர் அப்பா.

அவர் வேட்டைக்காரர் இல்லை, ஒருநாளும் துவக்குத் தூக்கியதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் இரசாயனப் பகுதியில் வேலை பார்த்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு, கரும்பு இருக்கிற ஊராகத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். "எங்கை போனாலும் கரும்பும் பண்டியும் என்னை விடுகுதில்லை" என்று சிரிப்பார். கந்தளாயிலும் இரவில் பன்றி இறங்கும். மூதூர்ப் பக்கத்து ஆட்கள் மெலிந்த ஊர்நாய்களோடு வருவார்களாம். "ஒண்டு மணம் பிடிச்சுப் போகும், ஒண்டு மறிக்கும், ஒண்டு போய்க் கொழுவும். மூண்டையும் ஒரே நாய் செய்தா அந்த நாய்க்கு ஆயுசு குறைவு" என்பார் அப்பா. நாய்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக் கிழவருடன் வருடக்கணக்காக வாதாடினார்.

அடுத்த வீட்டுக் கிழவர் இத்தாலிய வம்சம். அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பங்கள் அந்த ஊரில் நிறைய. அவருடைய தகப்பனும் அப்படி வந்தவர்தான். இவர் காலத்தில் சொந்தத் தோட்டம், சொந்த நாய்ப்பட்டி. புல் டெரியர், கிரேஹவுண்ட், கிரேட் டேன் எல்லாம் கலந்து, எந்த இனத்திலும் சேர்க்க முடியாத நாய்கள். கழுத்தில் கையகலத் தோல் பட்டை, மார்பில் தோல் கவசம். அப்படியும் கிழிபட்டு வரும். பன்றியின் கீழ்த் தந்தம் மேல் தந்தத்தில் உரசி உரசித் தன்னைத்தானே தீட்டிக்கொள்கிறது. அந்த மேல் தந்தத்தைக் கிழவர் 'கிரைண்டர்' என்பார். அம்மாவின் தோசை மாவுக் கிரைண்டரை மட்டும் அறிந்திருந்த தங்கை அன்று சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

கிழவரின் அகராதியில் நாய்க்கு மூன்று உத்தியோகம். பன்றி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஃபைண்டர். எட்ட நின்று குரைத்து மடக்குவது பெய்லர். காதைப் பிடித்துத் தொங்குவது லக்கர். 'லக்' என்றால் கொச்சையில் காது. இந்த மூன்றில் கடைசிக்குத்தான் அவர் வீட்டில் மரியாதை. 'ஹார்ட்' என்று ஒரு நாயைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. குரைக்கிற நாய்க்குச் சோறு உண்டு, பெருமை இல்லை.

அப்பாவுக்கு இது பிடிக்காது. 'பெய்ல்' என்பது மாட்டுக் கொட்டிலில் பால் கறக்கும்போது பசுவின் கழுத்தைச் செருகி நிறுத்தும் சட்டம். அதிலிருந்துதான் ஆளை வழிமறிப்பதற்கும் பன்றியை மடக்குவதற்கும் அந்தச் சொல் போனது என்று கிழவரே ஒருநாள் சொன்னார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, எங்கடை ஊரிலையும் முதல் மாட்டைத்தானே மறிச்சவங்கள்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அன்றிலிருந்து மறிக்கிற நாய்களெல்லாம் அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு ஆள் சேர்ந்தது ஓர் அரவைக் காலத்தில். அறுவடை இயந்திரம் ஓட்ட நியூசிலாந்திலிருந்து ஒரு மாவோரிக்காரர் வந்திருந்தார். கறுப்புக் காட்டுப்பன்றியை அவர் 'கேப்டன் குக்கர்' என்பார். அந்தத் தீவுகளில் முதலில் பன்றிகளை விட்டவர்களில் மாலுமி ஜேம்ஸ் குக்கும் ஒருவர், 1770களில் நடந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் பன்றி வந்தது 1788இல், முதல் கைதிக் கப்பல்களோடு. இந்த வரலாற்றில் யாருடைய பன்றி மூத்தது என்று கிழவரும் அவரும் ஒருமாலை முழுக்கச் சண்டை பிடித்தார்கள். எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

உண்மையான சண்டை கிழவரின் வரிநாயைப் பற்றியது. பெட்டை, மெலிந்த இடுப்பு. பன்றியைச் சுற்றிச் சுற்றி வந்து, தந்தத்துக்கு எட்டாத தூரத்தில் நின்று குரைத்துக்கொண்டே இருக்கும். வாய் மட்டும் வைக்காது. "கோழை" என்று கிழவர் அதை யாருக்காவது கொடுத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவோரிக்காரர் அதன் குரைப்பை ஒரு மாலை கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்கள் பக்கம் இதற்காக ஆட்கள் கடன் வாங்குவார்கள்" என்றார்.

ஏனென்று அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர் ஊரில் வேட்டை என்பது செங்குத்தான மலை, அடியில் ஓடை, இடையில் நுழைய விடாத பெரணிப் புதர். அடுத்த சரிவில் நாய் பன்றியைக் கண்டால் மனிதன் போய்ச் சேர நெடுநேரம் ஆகும். அதுவரை தனியாகக் காதைப் பிடித்துத் தொங்கும் நாயைப் பெரிய ஆண்பன்றி கிழித்துப் போட்டுவிடும். குரைத்து நிறுத்துகிற நாய் உயிரோடும் இருக்கும், வழியும் காட்டும். கவ்விப் பிடிக்கும் நாய்க்கு அங்கே 'ஹோல்டர்' என்று பெயர். அதை மனிதன் பக்கத்திலேயே வைத்திருப்பான்.

கிழவர் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே வண்டி கரும்பின் ஓரத்திலேயே நிற்கிறது. சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் பிடிக்காவிட்டால், பன்றி பாதையைத் தாண்டி அடுத்த கரும்புக்குள், அங்கிருந்து ஆற்றுச் சதுப்புக்குள் போய்விடும். குரைப்பை வைத்து என்ன செய்வது என்றார்.

இருவர் சொன்னதும் சரி. நாயின் சுபாவத்தைச் சொல்வதாகத் தோன்றும் இந்தப் பெயர்கள், நாய்க்கும் அதன் பின்னால் வருபவனுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அளக்கின்றன என்று எனக்குப் படுகிறது. கிழவரின் மகன் அமெரிக்க வேட்டைநாய்ப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தான். அவற்றில் வேறொரு பாஷை. கண்டுபிடிப்பது 'ஸ்ட்ரைக் டாக்', மறிப்பது 'பே டாக்', பிடிப்பது 'கேட்ச் டாக்'. டெக்ஸாஸ், லூயிசியானாப் பக்கம் கேட்ச் டாக்கைக் கயிற்றிலேயே வைத்திருந்து, மற்றவை பன்றியை நிறுத்திய பிறகே அவிழ்த்துவிடுகிறார்கள். மறிப்பதிலும் தள்ளி நின்றால் 'லூஸ்', நெருங்கி நின்றால் 'டைட்', இடம் கிடைத்தால் ஒரு கடி போடும் நாய் 'ரஃப்'. தடம் பார்த்துப் போகும்போதே குரல் கொடுத்தால் 'ஓப்பன்', பன்றியைக் காணும்வரை வாய் திறக்காவிட்டால் 'சைலண்ட்'. அங்கே வரிநாய்க்குத் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் இருந்தது. மகன் அதைப் படித்துக் காட்டியபோது கிழவர் "அமெரிக்கர்களுக்கு எதையும் பெயர் வைக்காமல் விட முடியாது" என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா இந்த விவகாரத்தில் ஒரே ஒரு முறைதான் பேசினார். குவீன்ஸ்லாந்துக் காட்டுப்பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் புரூசெல்லா கிருமி தொற்றும் என்று அறிந்த நாளன்று, "பண்டி அடிக்கிற இடத்துக்குப் போற பிள்ளை கிணத்தடியிலை குளிச்சிட்டுத்தான் உள்ளுக்கை வரலாம்" என்றார். எங்கள் வீட்டில் கிணறு இல்லை. தோட்டக் குழாயடிதான் கிணற்றடி என்று எல்லோருக்கும் புரிந்தது. அவருக்கு அந்தப் பன்றியின் அலறல் பொறுக்காது. எனக்கும் அது பழகவே இல்லை; குரைப்பு நிற்கிற கணத்தில் வயிறு இறுகும். மறிக்கிற நாயின் பக்கம் நான் சாய்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நவம்பரில் அரவை முடிந்ததும் மாவோரிக்காரர் வரிநாயை வாங்கிக்கொண்டு போனார். கிழவர் கேட்ட விலை ஒரு பெட்டி பியர். கொடுத்தது இரண்டு பெட்டி.

இப்போது தோட்டத்தைக் கிழவரின் மகன் பார்க்கிறான். நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி. போன அறுவடைக்கு ஊர் போயிருந்தபோது கையிலுள்ள திரையைக் காட்டினான். நாய் ஓடினால் ஓடுகிற நாய்ப்படம், உட்கார்ந்தால் உட்கார்ந்த நாய்ப்படம். கரும்புக்குள் பன்றியை மடக்கிக்கொண்டு நின்ற நாய்க்கு அது காட்டியது, மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் ஒரு நாயை. மரநாய்போல மரமேறும் ரக்கூனை வேட்டையாடுகிற அமெரிக்கர்களுக்காகச் செய்த படம் அது. "பன்றி எங்கே மரத்தில் ஏறுகிறது?" என்று அவன் திரையைத் தட்டித் திட்டிக்கொண்டே கரும்புக்குள் நடந்தான்.