செல்ஃப் அடிக்குது, வண்டி புடிக்கல

போகிக்கு முதல் நாள், விடியக்காலை 3 மணி. 38 வாழைத்தாரை சருகு போட்டு பிக்கப்புல அடுக்கியாச்சு. 5 மணிக்குள்ள திருப்பாப்புலியூர் மார்க்கெட்டுல இறக்கணும். பொங்கலுக்கு முன்னால இந்த ரெண்டு நாள்ல விக்கிறதுதான் விலை. பொங்கல் போயிட்டா அதே தாரை ஏன்னு கேக்க ஆள் இருக்காது. வருஷம் பூராப் பட்ட பாடு வண்டியில ஏறி உக்காந்திருக்கு.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் புடிக்கல. மறுபடியும் அடிச்சேன், அதே கதை. அப்பர் சாமியைக் கட்டிப் போட்ட கல்லே மிதந்து வந்து கரையேறின ஊரு எங்க ஊரு. என் வண்டி மட்டும் வாசலைத் தாண்டல.

எனக்கு முதல்ல வந்தது கோவம்தான். முந்தின நாள் மவன் நெல்லிக்குப்பம் வரைக்கும் வண்டி எடுத்துட்டுப் போயிருந்தான். அவனை எழுப்பி, "டீசலை வறட்டிட்டு வந்து நிறுத்திட்டியாடா?"ன்னு கத்தினேன். "ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுட்டுதான்பா வந்தேன்"னான். நான் நம்பல. பொறுப்பு இருக்கா, அது இருக்கா, இது இருக்கான்னு அக்கம்பக்கம் முழிச்சுக்கிற மாதிரி ஏசினேன். அவன் பதில் பேசாம டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்துக் காட்டினான். ஒரு ஜாண் நனைஞ்சிருந்தது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். டீசல் இன்ஜின்ல பெட்ரோல் வண்டி மாதிரி பொறி விடற பிளக் கிடையாது. உள்ள போற காத்தை அமுக்குற அமுக்குல அது கொதிச்சுப் போய், பீச்சுற டீசல் தானா பத்திக்கும். செல்ஃப் வேகமா சுத்துதுன்னா பேட்டரி மேல சந்தேகம் வேணாம். சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா பத்தல. புகையே இல்லன்னா டீசலே போகல.

மவனைப் பின்னால நிக்க வச்சு ஒரு தடவை அடிச்சேன். "துளி புகை இல்லப்பா"ன்னான். அதோட நிறுத்திட்டேன். விடாம அடிச்சா பேட்டரியும் இறங்கிடும், செல்ஃப் மோட்டாரும் கருகிடும்.

டேங்க்ல டீசல் இருக்கு, இன்ஜினுக்குப் போகல. அப்ப நடுவுல ஏர் புடிச்சிருக்கணும். ஃபில்டர் மேல இருக்கிற கை பம்பை அமுக்கினேன். கெட்டியா இருக்க வேண்டியது பஞ்சு மாதிரி அமுங்குச்சு.

அப்பதான் வீட்டுக்காரம்மா டார்ச்சோட குனிஞ்சு, "ஏங்க, கீழ மண்ணு ஈரமா இருக்கு பாருங்க"ன்னா. தொட்டு மோந்தா டீசல். ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கிற திருகு லூசா இருந்தது.

அதைத் திறந்தது யாரு? நான்தான். முந்தின சாயங்காலம், லோடு ஏத்துறதுக்கு முன்னால தண்ணியை வடிச்சு விடுவோம்னு திறந்தேன். அந்த நேரம் பார்த்து வியாபாரி போன் பண்ணாரு. பேசிக்கிட்டே கையால ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன். ராத்திரி பூரா டீசல் சொட்டு சொட்டா இறங்கி, அந்த இடத்துல காத்து ஏறிடுச்சு.

திருகை ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் எடுக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்த, மவன் பம்பை அமுக்கினான். முதல்ல நுரையா வந்தது, அப்புறம் நுரையில்லாம டீசல் வந்தது. திருகை மூடி, பம்பு கெட்டியாகிற வரைக்கும் அமுக்கிட்டு சாவியைத் திருப்பினேன். ரெண்டு இருமல் இருமிட்டுப் புடிச்சுக்கிச்சு. மணி 4:20.

இது பழைய வண்டி வைத்தியம். காமன் ரெயில் வண்டி வச்சிருக்கிறவங்க இன்ஜின் பக்கத்து பைப்புல கை வைக்காதீங்க. உள்ள ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் இருக்கும், பீச்சுற டீசல் தோலையே துளைச்சிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் எல்லாத் தாரும் வித்துடுச்சு. திரும்பும்போது மவன்தான் ஓட்டினான். கெடிலம் பாலம் வந்ததும், "தப்பு என் மேலதாண்டா"ன்னேன்.

ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "மண்ணு ஈரத்தை நான் வந்ததுமே பார்த்தேன்பா. நீங்க கத்தின கத்துல சொல்ல வாய் வரல."

எனக்கு ஒண்ணும் பேச முடியல. அன்னைக்கு முழுசா முக்கால் மணி நேரம் போனது டீசலால இல்ல.

இப்ப வண்டி மக்கர் பண்ணா, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பறதில்ல. முதல்ல அவனைக் கூப்பிட்டு, "உனக்கு என்னடா தோணுது?"ன்னு கேக்கறேன்.