மூக்கு நுனி

நம் புதுக்கவிதைகளில் மூக்குத்தி நிறையவே மின்னியிருக்கிறது. நட்சத்திரமாக, மின்மினியாக, அகல் சுடராக, பனித்துளியாக. எண்ணிப் பார்த்தால் எல்லாமே எதிரே நின்று பார்ப்பவனின் மூக்குத்திகள். போட்டிருப்பவள் அதைப் பார்ப்பதில்லை. கண்ணாடி முன் நிற்கும் இரண்டு நிமிஷம் போக மீதி நாளெல்லாம் அவளுக்கு அது ஒரு பாரம், ஒரு சிறு குளிர்ச்சி, சளி பிடித்த நாட்களில் ஒரு தொந்தரவு, முகம் துடைக்கையில் துண்டின் நூல் மாட்டிக்கொள்ளும் ஒரு முனை. இவ்வளவு எழுதியும் அதன் பின்பக்கம், மூக்குக்குள் இருக்கிற திருகாணி, கவிதைக்குள் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கன்னியாகுமரி பகவதியின் மூக்குத்திக் கதைகூட கடலில் கப்பலோட்டி வந்தவனின் கதைதான். ஒளியைக் கலங்கரை விளக்கமென்று நம்பிப் பாறையில் மோதியவன் அவன். அதற்காக மூடப்பட்டது அவளுடைய கிழக்கு வாசல்.

எனக்கு ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும், அதைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் திரும்புவது அபூர்வம். தமிழ்ச் சமணர்களின் மடம் இங்கே இருக்கிறது. பார்சுவநாதருக்குப் பெரிய கோயிலும் இருக்கிறது. அதைவிடப் பழையது பாறையில் செதுக்கியவை: பாகுபலி, பார்சுவநாதர், தருமதேவி. 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தீர்த்தங்கரர்களின் உடம்பில் ஒரு நூலிழை கிடையாது. அவர்களின் பார்வைக்கு நாசாக்ர திருஷ்டி என்று பெயர். கண் தன் மூக்கு நுனியில் நிலைத்திருக்க வேண்டும். சிறு வயதில் இதைக் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அங்கே கல் வைத்திருக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கோ அதைப் பார்க்க நேரமில்லை.

தருமதேவிக்கும் மூக்குத்தி இல்லை. இதைச் சிற்பியின் வைராக்கியம் என்று யாரும் வியாக்கியானம் செய்துவிட வேண்டாம். அந்தக் காலத்துக் கல்லிலும் செம்பிலும் எந்தத் தேவிக்கும் இல்லை. சோழர் காலத்து உமையின் காதில் துளை உண்டு, மூக்கு வெறுமனே இருக்கும். சங்கப் பாட்டில் சிலம்பு உண்டு, தொடி உண்டு, குழை உண்டு, மூக்குக்கு ஒன்றுமில்லை. பூனாவில் பண்டார்கர் நிறுவனத்தில் இருந்த பி. கே. கோடே 1930களின் இறுதியில் இதை ஆராய்ந்து, கி.பி. 1000க்கு முன் இந்த நாட்டில் மூக்கணிக்குச் சான்று இல்லை என்று வாதிட்டார். அனாதி காலந்தொட்டு என்று நாம் சொல்லும் பலவற்றுக்கு இவ்வளவுதான் வயது.

எனக்கு ஏழு வயதில் குத்தினார்கள். பத்தர் திண்ணையில் உட்கார்ந்து வலது பக்கம் மையால் புள்ளி வைத்தார். முதலில் மெல்லிய தங்கக் கம்பி, கல் பிறகுதான். உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய். துளை உள்ளுக்குள் முழுதும் ஆற ஆறு மாதம்கூட ஆகும். வெளியே ஆறிவிட்டதென்று அவசரப்பட்டு மாற்றினால் சீழ் வைக்கும். இப்போது கடைகளில் துப்பாக்கி போன்ற ஒன்றால் ஒரு நொடியில் சுடுகிறார்கள். குருத்தெலும்பை அது நசுக்குகிறது, அந்தக் கருவியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது. பத்தரின் ஊசியே மேல். கல்லூரிக்குப் போன வருஷம் நான் கழற்றினேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். துளை தூர்ந்து ஒரு புள்ளியாக நிற்கிறது.

அம்மா கழற்றவே இல்லை. அவளுக்கு எட்டுக்கல் பேசரி. அப்பா இறந்து, காரியத்தன்று பெரிய அத்தை அருகில் வந்து உட்கார்ந்தாள். தாலி கழன்றாகிவிட்டது, வளையலும் மெட்டியும் போயாயிற்று.

"மூக்குலயும் கழட்டிடும்மா. பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தாலி அவரு கட்டினது, குடுத்துட்டேன். மூக்கு எங்கம்மா குத்தினது. அப்ப அவரு யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணி."

கூடத்தில் யாரும் பேசவில்லை. அத்தை கெட்டவள் அல்ல. அவள் மூக்கு இருபது வருஷமாக வெறுமையாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது.

எங்கள் சமயத்தில் நகையைத் துறப்பதற்கு ஒரு கௌரவமான சரித்திரம் உண்டு. வந்தவாசிப் பக்கம் வேடலில், ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 500 பிள்ளைகளை உடைய கனகவீரக் குரத்தியாரைச் சொல்கிறது. அந்தத் துறவுப் பெண்கள் எல்லாவற்றையும் தாங்களே கழற்றிப் போட்டவர்கள். தலைமயிரைக்கூடத் தாங்களே பிடுங்கிக்கொள்வது மரபு. காரியத்தன்று சுற்றி உட்கார்ந்து கழற்ற வைப்பதை அதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். விட்டுவிடுவது வேறு, பிடுங்கப்படுவது வேறு. வெறுமையான மூக்கு இரண்டிலும் ஒன்றுபோலத்தான் தெரியும், எதிரே நின்று பார்ப்பவனுக்கு.

கடைசியில் பேசரியைக் கழற்ற வைத்தது ஒரு ஸ்கேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். திருகு அசையவில்லை. நாற்பது வருஷத்து அழுக்கும் எண்ணெயும் மரையில் இறுகிப்போயிருந்தது. ஒரு நர்ஸ் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அம்மாவின் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். செஞ்சியில் ஒரு ஆசாரி உள்பக்கம் தண்டை வெட்டி எடுத்தார். அம்மா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் வேப்ப ஈர்க்கு ஒன்றை ஒடித்துத் துளையில் செருகிக்கொண்டாள். துளை தூர்ந்துவிடக் கூடாது. அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது.

ஸ்கேன் முடிந்து கடைக்குப் போனோம். விற்பனைப் பெண் அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்களுக்கா அக்கா?" என்று கேட்டாள். "எனக்குத்தாம்மா" என்றாள் அம்மா. அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, பிறகு தட்டை எங்கள் பக்கம் தள்ளினாள். முத்திரை எங்கே என்று நான் கேட்டதற்கு, இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு அது கட்டாயமில்லை என்றாள். சட்டத்தின் கண்ணுக்கும் தெரியாத நகை இது. வெட்டிய பேசரியை எடைபோட்டு, சேதாரம், செய்கூலி எல்லாம் போட்டு ஒரு கணக்கு வந்தது. கம்பியை வளைத்து மாட்டும் வகை சுலபம், கழற்றவும் மாட்டவும் நோகாது என்றாள். அம்மா ஒப்பவில்லை. திருகுதான் வேண்டும், தூக்கத்தில் விழாமல் இருக்க வேண்டும். எட்டுக்கல் இனி பாரம். ஒற்றைச் சிவப்புக்கல்லை எடுத்தாள்.

மாட்டுவதை எங்களில் யாரையும் செய்ய விடவில்லை. ஈர்க்கை உருவிப் போட்டாள். வெளியே கல்லை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்து, சுண்டு விரலை உள்ளே விட்டு, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, திருகாணியைச் சுற்றினாள். மூன்று முறை நழுவியது. பிறகு கடைக்காரப் பெண் நீட்டிய கண்ணாடியை வாங்கி, நான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதற்கெல்லாம் விரோதமாக, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பொழுது சாய்கிறது, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி எழுந்தாள்.