மந்தமான ஆண்டுகளின் கணக்கு

1 பிப்ரவரி 2018, வியாழன்

இன்று பட்ஜெட். பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு இனி 10 விழுக்காடு வரி. நேற்றுவரை சேர்ந்த லாபத்துக்கு விலக்கு உண்டு. கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியின் கேன்டீனில் மதியம் இதே பேச்சுதான். "இனி எதுக்குங்க அதுல போடணும்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

எனக்கு அந்த வரியைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 58 வயதில் ஓய்வு. பி.எஃப். தொகையோடு இ.பி.எஸ். பென்ஷன் வரும். அதன் கணக்கு எளிது: ஊதியத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 ஆண்டு சேவை என்று எடுத்துக்கொண்டாலும் மாதம் 7,500 ரூபாய்தான். அதுவும் விலைவாசியோடு சேர்ந்து ஏறாது. கணக்குப் பிரிவில் இருப்பதால் இந்தத் தொகையை மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். யாரும் நம்புவதில்லை, இரண்டாவது முறை பெருக்கிப் பார்க்கிறார்கள்.

பி.எஃப். அடித்தளமாக இருக்கட்டும். அதற்கு மேல், இந்த மாதம் முதல் ஒரு வேல்யூ ஃபண்டில் எஸ்.ஐ.பி., டைரக்ட் பிளானில். கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டு போட்டு 12 விழுக்காடு வளர்ந்தால் ஏறக்குறைய 99.9 லட்சம். 11 விழுக்காடு என்றால் 87.4 லட்சம். அந்த ஒரு விழுக்காட்டுக்குள் என் ஓய்வுக்காலத்தின் சில ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

14 ஜூலை 2018, சனி

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட உத்தரவின்படி ஃபண்டுகளுக்கெல்லாம் புதிய வகைப் பெயர்கள். ஒரு நிறுவனம் வேல்யூ ஃபண்ட், கான்ட்ரா ஃபண்ட் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 65 விழுக்காடு பங்குகளில் இருக்க வேண்டும்.

பக்கத்து மேசை அக்கா, "வேல்யூன்னா என்ன அம்மிணி?" என்று கேட்டார். அவரும் போன வருஷத்திலிருந்து போடுகிறார். தீபாவளி முடிந்த மறுவாரம் ஒப்பணக்கார வீதியில் சேலை எடுப்பதைப் போல என்றேன். துணி அதேதான், கூட்டம் போய்விட்டதால் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிழிந்த சேலையும் அதே குவியலில்தான் கிடக்கும். லாபத்தோடும் சொத்தோடும் ஒப்பிட்டால் எந்தப் பங்கின் விலை குறைவு, அந்தக் குறைவு தற்காலிகமா என்று பார்ப்பதே ஃபண்ட் மேனேஜரின் வேலை. கூட்டம் எப்போது திரும்பும் என்று அவருக்கும் தெரியாது.

29 டிசம்பர் 2019, ஞாயிறு

வருஷக் கணக்கை எடுத்து வைத்தேன். நிஃப்டி இந்த ஆண்டு 12 விழுக்காடு அளவுக்கு ஏறியிருக்கிறது. மிட்கேப் குறியீடோ இறங்கியிருக்கிறது. ஏறியவை கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பெரிய பங்குகள். சோப்பு, பெயின்ட், தனியார் வங்கி என்று எல்லோருக்கும் பிடித்தவை. லாபத்தைப் போல 50, 60 மடங்கு விலைக்குப் போகின்றன. என் ஃபண்ட் வைத்திருப்பது மின்சாரம், உலோகம், அரசு நிறுவனங்கள். எல்லாம் தூங்குகின்றன.

அக்கா சொன்னார்: "போட்டதெல்லாம் அப்படியே நிக்குது அம்மிணி. பி.எஃப்.ல இருந்திருந்தா எட்டரைக்கு மேல வட்டி வந்திருக்குமல்ல?" நியாயமான கேள்வி.

இந்த ஜூன் மாதம் அமெரிக்காவில் காலமான ஜான் நெஃப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1964 முதல் 1995 வரை விண்ட்சர் ஃபண்டை நடத்தியவர். அந்த 31 ஆண்டுகளில் ஆண்டுக்கு 13.7 விழுக்காடு, எஸ் அண்ட் பி 500 குறியீடு 10.6. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. ஐம்பது பெரிய கம்பெனிகளை என்ன விலைக்கும் வாங்கலாம் என்று ஊரே நம்பியபோது அவர் வாங்க மறுத்தார், பின்தங்கினார். பிறகு 1973–74 சரிவில் அந்தப் பெரிய பெயர்கள் பலமாக விழுந்தன. 13.7 என்ற எண்ணுக்குள் அந்தப் பின்தங்கிய ஆண்டுகளும் இருக்கின்றன. அவற்றில் வெளியேறியவருக்கு அந்த எண் கிடைத்திருக்காது.

23 மார்ச் 2020, திங்கள்

சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி இறங்கி 25,981-இல் முடிந்தது. 13 விழுக்காடு. காலையில் 10 விழுக்காடு விழுந்ததும் முக்கால் மணி நேரம் வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய குறியீடு இது. நாளை மாலை ஆறு மணி முதல் தமிழ்நாடு முழுக்க 144 தடை.

என் ஃபண்டின் மதிப்பு போட்ட பணத்துக்குக் கீழே போய்விட்டது. பெருந்துறையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "ஈமு கோழி மாதிரி ஆயிருச்சா, கண்ணு?" எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் இயல்பு. ஈமு கோழி, திருப்பூர் ஃபாரெக்ஸ் மோசடிகளில் நகையை விற்றுப் போட்ட குடும்பங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"இல்லைங்க பெரியப்பா" என்று பொறுமையாகச் சொன்னேன். அங்கே இல்லாத லாபத்தை நிச்சயம் என்று சொல்லி வாங்கினார்கள். இங்கே யாரும் நிச்சயம் என்று சொல்லவில்லை. பங்குகள் கஸ்டோடியன் என்ற தனி அமைப்பிடம் இருக்கின்றன. விலை தினமும் வெளியாகிறது. இறங்கினால் இறங்கியது என்று அன்றைக்கே தெரிகிறது.

ஆனால் விலை இறங்கியதாலேயே ஒரு பங்கு மலிவாகிவிடாது. 2018-இல் 400 ரூபாய் வரை போன யெஸ் பேங்க் பாதியாக விழுந்தபோது, மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு. இந்த மாதம் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தடை போட்டது. அங்கே கணக்கு வைத்திருந்த ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. அந்த ஒற்றைப் பங்கில் போட்டவருக்கு அது பெரும் நஷ்டம். பல பங்குகள் கொண்ட ஃபண்டில் ஒரு காயம். ஓய்வுப் பணத்துக்கு ஃபண்டைத் தேர்ந்தெடுக்க அதுவே எனக்குப் போதுமான காரணம்.

12 ஏப்ரல் 2020, ஞாயிறு

அக்கா போனில் அழுதார். வீட்டுக்காரரின் லேத் பட்டறை மூடிக் கிடக்கிறது. இங்கே பாதிச் சம்பளம். பையனின் காலேஜ் ஃபீஸ் வேறு. பி.எஃப். கொரோனா முன்பணத்துக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 விழுக்காடு, எது குறைவோ அது. போதவில்லை. "மொத்தத்தையும் ரிடீம் பண்ணச் சொல்லிட்டேன் அம்மிணி."

பயந்து விற்றுவிட்டார் என்று அலுவலகம் திறந்ததும் யாராவது சொல்வார்கள். அது உண்மையல்ல. மூன்று ஆண்டும் சலிப்பைத் தாங்கினார், மார்ச் சரிவையும் தாங்கினார். அவரை விற்க வைத்தது கையில் ரொக்கம் இல்லாதது. நீண்ட கால முதலீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மன உறுதி வேண்டும், மன உறுதி வேண்டும் என்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இருக்கும் வீட்டில்தான் அந்த உறுதி நிற்கிறது.

25 செப்டம்பர் 2021, சனி

நேற்று சென்செக்ஸ் 60,000-ஐத் தாண்டியது. போன நவம்பரில் தடுப்பூசிச் செய்தி வந்ததிலிருந்தே தூங்கிய பங்குகள் எழுந்துவிட்டன. இரும்பு, அலுமினியம், மின்சாரம் எல்லாம் ஏறின. முன்பு யாரும் சீந்தாதவை.

சரிவு மாதங்களில் வாங்கிய யூனிட்டுகள்தான் என் கணக்கில் அதிகம் வளர்ந்திருக்கின்றன. விலை குறையக் குறைய அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைத்தது, எஸ்.ஐ.பி.யின் சூட்சுமம் அவ்வளவுதான். ஃபண்டின் ஐந்தாண்டு வருமானத்தை மாதாந்திர அறிக்கையில் அச்சடிக்கிறார்கள். அக்காவின் வருமானம் எந்த அறிக்கையிலும் அச்சாகாது. அவரைப் போன்ற எத்தனை பேர் தாழ்ந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்பது வெளியே தெரியாமலே போகிறது. அக்கா இந்த மாதம் மறுபடியும் தொடங்கினார், முதலில் வங்கியில் ஒரு ஆர்.டி.யோடு.

23 ஜூலை 2024, செவ்வாய்

மறுபடியும் பட்ஜெட், மறுபடியும் வரி. நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு, விலக்கு வரம்பு 1.25 லட்சம். இந்த முறை கேன்டீனில் யாரும் "எதுக்குப் போடணும்" என்று கேட்கவில்லை. நாடு முழுக்க எஸ்.ஐ.பி. தொகை ஏப்ரலில் முதன்முறையாக மாதம் 20,000 கோடியைத் தாண்டியது. இளம் பொறியாளர்கள் வந்து, "அக்கா, எந்த வேல்யூ ஃபண்ட் நல்லாருக்கு?" என்கிறார்கள். மூன்றாண்டு வருமானத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்கிறேன். பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் பங்குகளைப் பாருங்கள். ஒரு வேல்யூ ஃபண்ட் அரசு நிறுவனங்களை வைத்திருக்கும். இன்னொன்று எல்லா ஃபண்டுகளிலும் இருக்கும் அதே பெரிய வங்கிகளை வைத்திருக்கும். வேறொன்று மலிவாக எதுவும் கிடைக்காதபோது ரொக்கமாக வைத்துக் காத்திருக்கும். அடுத்தது, 2018, 2019 ஆண்டுகளில் அந்த ஃபண்ட் எப்படி இருந்தது என்று பாருங்கள். அப்படி இரண்டு வருஷம் மறுபடி வந்தால் மாதாமாதம் போட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

2 மார்ச் 2025, ஞாயிறு

அக்டோபரிலிருந்து தொடர்ந்து ஐந்து மாதம் நிஃப்டி இறங்கியிருக்கிறது. 1996-க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை. போன வருஷம் தொடங்கிய பையன்களில் சிலர் எஸ்.ஐ.பி.யை நிறுத்தக் கேட்டு வந்தார்கள். பேசி அனுப்பினேன். ஒருவருக்கு மட்டும் நிறுத்தச் சொன்னேன். தங்கை கல்யாணம் இந்த ஆடிக்குப் பிறகு, அந்தப் பணம் பங்கில் இருக்கக் கூடாது.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதின்மூன்று ஆண்டு. 55 வயதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதியை வங்கி வைப்புக்கும் கடன் ஃபண்டுக்கும் மாற்றுவேன், 1.25 லட்ச விலக்கை ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்தினால் வரியும் குறையும். ஓய்வு பெற்றதும் அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம். இன்றைய 8.2 விழுக்காட்டில், உச்சவரம்பான 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். மாதச் செலவு அதிலிருந்து வரும். மீதி வேல்யூ ஃபண்டிலேயே இருக்கும், 70 வயதுக்குப் பிறகான விலைவாசிக்காக. சந்தை விழுந்த ஆண்டில் அதைத் தொட வேண்டிய தேவை இருக்காது.

நாளை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பி.எஃப். படிவம் நிரப்பும் நாள். கூடவே அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். 7,500 ரூபாய்க் கணக்கை அவர்கள் கையாலேயே போட வைப்பேன். பிறகு ஆறு மாதச் செலவுக்கான பணம், மருத்துவக் காப்பீடு, ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் எது என்ற பட்டியல். இவை மூன்றும் இருப்பவரால் மந்தமான ஆண்டுகளைக் கடக்க முடியும். எந்த ஃபண்ட் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.