ஜில்லென்று வந்தால் போதுமா?

அக்னி நட்சத்திரம் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பராமரிப்பில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சொந்தக்காரர்களுக்கும் காலை நடை நண்பர்களுக்கும் நான் சம்பளம் இல்லாத ஆலோசகர். முன்பெல்லாம் "எந்தக் கம்பெனி ஏசி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "வீடு மாறுகிறோம். ஏசியை நாங்களே கழற்றி மாட்டிக்கொள்ளலாமா? யூடியூபில் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கிறது!"

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஃபியூஸ் போனால் நாமே கம்பி சுற்றி, குழாய் ஒழுகினால் நாமே வாஷர் மாற்றி வளர்ந்த தலைமுறை நாம். ஆனால் ஏசி வேறு ரகம்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திருப்பி ஓடவிட்டு, வெளியிலிருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துக்கொள்கிறார்கள். அங்கே அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். மாட்டும் முறையும் அதில் வரும் சங்கடங்களும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் தங்கை வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்தவர், எதையும் கணக்குப் பார்த்துச் செய்பவர். தாம்பரத்தில் வாடகை வீட்டிலிருந்து குரோம்பேட்டைக்குச் சொந்த வீட்டுக்குப் போனபோது, ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியை அவரும் கல்லூரியில் படிக்கும் மகனுமாகக் கழற்றி மாட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலமே போன். "மச்சான், ஜில்லுன்னு வருது. வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். பிராக்கெட் நேராக இருந்தது. குழாய்க்கு உறை சுற்றியிருந்த அழகு, பல மெக்கானிக்குகளுக்கே வராது. நான் ஒன்றுதான் கேட்டேன். "குழாய்க்குள்ள இருந்த காத்தை எப்படி எடுத்தீங்க, மாப்பிள்ளை?"

"வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டோம். புஸ்ஸுன்னு காத்து வெளியே போயிடுச்சு" என்றான் மருமகப்பிள்ளை, பெருமையாக.

வேக்கம் பம்ப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு முறையாகச் செய்துவிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். "அதான் ஜில்லுன்னு வருதே, இன்னும் என்ன?"

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முதல் நாள் குளிர்ச்சியை வைத்து எதையும் சொல்ல முடியாது. கேஸை விட்டுத் தள்ளினால் காற்றில் பெரும்பகுதி போய்விடும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. அதற்குத்தான் வேக்கம் பம்ப். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில்தான். அழுத்தத்தைக் குறைத்தால் அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிவிடும். சாதாரணக் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். குழாய்க்குள் அதை அரை மில்லிமீட்டருக்கு இறக்க வேண்டும். எங்கள் பாஷையில் 500 மைக்ரான். பிறகு பம்பை நிறுத்திவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது ஈரம் இன்னும் பாக்கி.

ஆர்-22 கேஸ் இருந்த காலத்தில் இந்தப் 'புஸ்' வைத்தியம் ஓரளவு செல்லுபடியானது. இப்போதைய ஆர்-32, ஆர்-410ஏ இயந்திரங்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் அமிலமாகி, கம்ப்ரஸர் மோட்டாரின் காயில் பூச்சை அரிக்கும். இந்தக் கேஸ்களின் அழுத்தமும் ஆர்-22ஐப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஃபிளேர் நட்டைக் குறைவாக முறுக்கினால் கசியும், அதிகமாக முறுக்கினால் செம்பு நசுங்கிப் பிறகு கசியும். சத்தமும் வராது, வாசனையும் வராது.

முதல் கோடை நன்றாகப் போயிற்று. இரண்டாவது கோடையில், மே மாதம், ஏசியைப் போட்டாலே டிரிப் ஆனது. கம்ப்ரஸர் எரிந்திருந்தது. உள்ளிருந்து வந்த எண்ணெய் கறுத்துப்போய்ப் புளித்த நெடி அடித்தது. 1,500 ரூபாய் மாட்டுக்கூலியை மிச்சம் பிடித்தவர் கடைசியில் புது ஏசியே வாங்கினார்.

பணம் போனது போகட்டும். எனக்கு உண்மையான பயம் இரண்டு.

ஒன்று, கழற்றும்போது நடப்பது. குழாயில் இருக்கும் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட, கம்ப்ரஸரை ஓடவிட்டு ஒரு வால்வை மூடுவார்கள். அப்போது குழாய் தளர்ந்திருந்தால் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எப்படித் தீப்பிடிக்கிறது? காற்று அழுந்திச் சூடேறி, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்வதால்தான். அதே கதை இங்கேயும் நடந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும். ஜப்பானில் இப்படி விபத்துகள் நடந்து அரசே எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆர்-32 தீப்பிடிக்கவும் கூடியது. கசிவு பார்க்க வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவருபவர்களும் உண்டு. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏற்றினால் அது வெடிகுண்டு. இதற்கு நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, சன்ஷேடு. வெளி யூனிட் நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை அடிச் சிமெண்டுப் பலகையில் நிற்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த உதவியாளர் ஒருவர், கல்யாணமாகி ஆறே மாதம், இரண்டாவது மாடி சன்ஷேடிலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஏணியில் கால் வைத்ததே இல்லை. அது தினமும் அதே வேலையைச் செய்தவரின் கதி. ஏசி எரிந்துபோன பிறகுதான் தங்கை என்னிடம் மெல்லச் சொன்னாள். அன்று மாட்டும்போது மகன் மூன்றாவது மாடிச் சன்ஷேடில் நின்றானாம், இடுப்பில் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு. "ஒண்ணும் ஆகலையே அண்ணா" என்றாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்படியானால் நாம் சும்மா கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். ஏசிக்கென்று தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சரியான எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முன்கூட்டியே பார்த்து வையுங்கள். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கட்டிலில் சொட்டும். வெளி யூனிட்டை, பின்னாளில் சர்வீஸ் செய்பவர் பயமில்லாமல் நின்று வேலை பார்க்கும் இடத்தில் வையுங்கள். மொட்டை மாடியோ பால்கனியோ கிடைத்தால் சன்ஷேடு வேண்டவே வேண்டாம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவுங்கள்.

மெக்கானிக் வந்தால் வாசலிலேயே கேளுங்கள்: "வேக்கம் பம்ப் கொண்டு வந்தீங்களா தம்பி? பெல்ட் இருக்கா?" இல்லை என்றால் கொண்டுவரச் சொல்லுங்கள். பம்ப் ஓடும் அந்த அரை மணி நேரம் அவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட மாட்டார்.