புஸ்காஸின் நாவாக

1989ஆம் ஆண்டு, கிரேக்கக் குடியேறிகள் தோற்றுவித்த சவுத் மெல்போர்ன் கால்பந்துக் கழகத்திற்கு ஹங்கேரியின் மாமேதை ஃபெரென்ஸ் புஸ்காஸ் பயிற்சியாளராக வந்தார். அவருக்கு ஆங்கிலம் குறைவு. முன்னர் ஏதென்ஸில் பணியாற்றியபோது பழகிய கிரேக்கம் உண்டு. ஐந்து வயதில் அதே ஏதென்ஸிலிருந்து குடும்பத்தோடு ஆஸ்திரேலியா சேர்ந்த ஆஞ்சே போஸ்டகோக்லு, அணித்தலைவர். புஸ்காஸைத் தம் காரில் அழைத்துச் செல்வார். அவர் மொழிவதை வீரர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார்.

குருமடத்தில் அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் உரைகளை நாமும் தமிழாக்கியதுண்டு. கேட்டவர்கள் மறந்தனர், பெயர்த்துச் சொன்ன நமக்கோ அவை இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. ஆஞ்சேவுக்கும் அவ்வாறே நேர்ந்திருக்க வேண்டும்.

1991இல் கழகம் வாகை சூடியது. முழங்கால் காயம் 27 வயதில் அவரது ஆட்டத்தை முடித்தது. ஆடியது தற்காப்பில், பயிற்சியாளரானபின் ஓயாது வற்புறுத்தியதோ புஸ்காஸ் நேசித்த தாக்குதலை. அவ்வழியிலேயே 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை வாய்த்தது.

2025 மே மாதம் பில்பாவோவில், யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மட்டும், அவரது டாட்டன்ஹாம் அணி ஒற்றைக் கோல் அடித்துவிட்டு அரணமைத்துக் காத்தே வென்றது. பழைய தற்காப்பு வீரர் விழித்துக்கொண்டாரோ! உள்நாட்டு லீகில் 17ஆம் இடத்திற்குச் சரிந்ததை மறவாத கழகம், பதினாறே நாள்களில் அவரை அனுப்பிவிட்டது.