எலும்பின் நிதானம்

46ஆம் வயதில் ஓடத் தொடங்கினேன். அப்பாவின் வலக்கால் பெருவிரலைச் சர்க்கரை நோய் பறித்திருந்தது. என் குருதிப் பரிசோதனைத் தாளிலும் அந்நோயின் நிழல் விழுந்திருந்தது. “ஓடுங்கள், ஆனால் மெதுவாகத் தொடங்குங்கள்” என்றார் மருத்துவர். முற்பாதி மட்டுமே என் மனத்தில் நின்றது.

பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே முதல் நாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என 8 சுற்று. மூன்றாம் சுற்றிலேயே நெஞ்சு கொல்லன் துருத்தியாயிற்று. மூதாட்டி ஒருவர் என்னைக் கடந்து சென்றார். அவர் ஓடவில்லை, நடந்துதான் சென்றார்.

சில வாரங்களில் மூச்சு வசப்பட்டது. காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தேன். பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா பெருகுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் குருதியை அனுப்புகிறது. அடுத்தடுத்த வாரங்களில் தசைகளுக்குள் புதிய நுண்நாளங்கள் கிளைக்கின்றன. ஆற்றலை ஆக்கித்தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன. இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலும் குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும் என்பதைப் படித்த இரவு, அப்பாவின் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு தந்த துணிச்சலில் 5ஆம் வாரம் அட்டவணையை மீறினேன். இடையில் நடக்காமல் 30 நிமிடம் ஓடினேன். மறுநாள் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் வலி, படியிறங்க இயலவில்லை.

எலும்பைக் கல்தூண் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அதுவோ ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு. புதிய சுமை ஏறும்போது, பழைய பகுதியை அரித்தெடுக்கும் செல்களே முதலில் வருகின்றன. அவை சில வாரங்களில் தோண்டிய குழியைக் கட்டும் செல்கள் நிரப்பி இறுக்கச் சில மாதங்கள் ஆகும். இடைக்காலத்தில் அவ்விடம் முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். தசைநாண்களும் இத்தகைய நிதானக்காரர்களே. என் மூச்சு குடிபுக அவசரப்பட்டபோது, வீட்டில் சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை.

மூன்று வார ஓய்வுக்குப்பின் முதல் வாரப் பயிற்சியிலிருந்தே மீண்டும் தொடங்கினேன். இம்முறை அப்பாவும் உடன்வந்தார். கடற்கரைச் சுவரில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நிமிடம் ஆனதும், “போதும் தம்பி, நட” என்று குரல் கொடுத்தார். நடந்தேன். அந்த மூதாட்டி அன்றும் என்னைக் கடந்து சென்றார்.